துடைக்காத மூக்கு தேவை

பிறத்தியார் பெற்ற பிள்ளையின் மூக்குக்குள் குச்சி விடுவதற்கென்றே ஒரு உத்தியோகம் உண்டு. நம்பாதவர்கள் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுகினாலும் பயம், ஒழுகாவிட்டாலும் பயம் என்று அல்லாடிய சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் தேனியில் ஒரு ஆய்வு நடந்தது. நிமோனியாவுக்கு எதிராகப் புதிதாக ஒரு தடுப்பூசி வந்திருந்தது. அதைக் கைக்குழந்தைக்குப் போட்டால், மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் குடியிருக்கிற கிருமிகள் என்ன ஆகின்றன என்று பார்க்கவேண்டும். அந்தக் கிருமியில் எத்தனையோ வகை. பிள்ளைகளைச் சாய்ப்பதில் முன்வரிசையில் நிற்கிற ஏழு வகைகளை எதிர்த்துத்தான் ஊசி. சம்மதித்த தாய்மார்களை வைத்துக் குலுக்கல் போட்டு, பாதிப் பிள்ளைகளுக்கு உடனே ஊசி, மீதிப் பிள்ளைகளுக்கு ஒரு வயது முடிந்தபிறகு என்று முடிவானது. ஊசி போட நர்ஸ்மார் இருந்தார்கள். மூக்கில் எடுப்பதும், எடுத்ததை லேபில் வளர்ப்பதும் என் வேலை. எனக்கு மேலே டாக்டரம்மா, பக்கத்தில் ஜீப் ஓட்டுகிற முத்தையா அண்ணன். அவ்வளவுதான் எங்கள் படை.

என்னத்தத் தொலைச்சீக?

முதல் நாள் வீரபாண்டி என்கிற ஊர். குச்சி என்றால் காது குடைகிற குச்சி இல்லை. கம்பி மாதிரி வளையும், நுனியில் துளியூண்டு பஞ்சு. அம்மா பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடிக்க, நான் மூக்கு வழியாக நேராக உள்ளே விட்டு, பின்சுவர் தட்டியதும் மெல்லத் திருகி எடுப்பேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் பிள்ளை போடுகிற சத்தத்தில் தெருவே கூடிவிடும்.

அதற்கு முன்பே டாக்டரம்மா கூட்டம் போட்டுத் தெளிவாகத்தான் விளக்கியிருந்தார். மூக்கில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம், இருந்தாலும் பெரும்பாலும் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும், பயப்படவேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன சொல்லி என்ன? ‘கிருமி’ என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை. முதல் பிள்ளை வீறிட்டதும் அதன் அப்பா வெற்றிலை வாயோடு ஓடி வந்தார். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஊசி போட வந்தீகன்னா போட்டுட்டுப் போகவேண்டியதுதான? எம்பிள்ள மூக்குக்குள்ள என்னத்தத் தொலைச்சீக?”

கறிய விட்டுட்டீகளே

எங்கள் கிருமி இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டுக்காரன் கெட்டான், அத்தனை பிகு. சாதாரணச் சாப்பாடு ஆகாது, ஆட்டு ரத்தம் கலந்த சாப்பாடுதான் வேண்டும். அதற்காகவே லேபுக்குப் பின்னால் ஒரு கிடாய் வளர்த்தோம். அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு, அகத்திக்கீரை கொடுத்து அனுப்பிவிடுவோம். கிருமிக்குக் காற்றும் அதிகம் ஆகாது. அதனால் அந்தச் சாப்பாட்டை உறையவைத்து, மேலே குச்சியைத் தேய்த்த பிளேட்டுகளை ஒரு பெரிய ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, மூடியை இறுக்கிவிடுவேன். உள்ளே இருக்கிற காற்றைக் கொஞ்சம் தின்றுவிட்டு மெழுகுவத்தி தானாக அணையும். அப்படியே ஜாடியைக் கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலை சிவப்புப் பிளேட்டில் அங்கங்கே பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கும்.

அடேயப்பா, முதன்முதலில் அந்தப் பச்சையைப் பார்த்தபோது நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து எடுத்து வந்து, சோறு போட்டு, கண்ணுக்கு முன்னால் நிறுத்திவிட்டேனே! இந்தக் குதூகலம் எல்லாருக்கும் வராது போல. வீரபாண்டித் திருவிழா நேரத்தில் கேஸ் சிலிண்டர் போட வந்தவர், கொழுகொழுவென்று நின்ற கிடாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதற்கு வளர்க்கிறோம் என்று விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ரத்தத்த எடுத்துக்கிட்டுக் கறிய விட்டுட்டீகளே, என்ன படிச்சவகளோ போங்க!”

சத்தமாச் சொல்வீகளா?

தேவாரம் என்ற ஊரில் செல்வி என்று ஒரு பெண். அவளுடைய மூத்த பெண்குழந்தை எட்டு மாதத்தில் நிமோனியா கண்டு இறந்துபோயிருந்தது. இரண்டாவது பையன் எங்கள் ஆய்வில் இருந்தான். குலுக்கலில் அவனுக்கு உடனே ஊசி விழுந்தது. பக்கத்து வீட்டில் அவள் நாத்தனார் ராஜாத்தி. ராஜாத்திக்கும் அதே வயதில் ஒரு மகன். அவனுக்கு ஒரு வயதுக்குப் பிறகுதான் ஊசி.

ராஜாத்தி வீட்டுப் பிள்ளையின் மூக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். “சுத்தம் இருந்தா எந்தச் சீக்கும் அண்டாதுங்க. சில பேரு மூக்கத் தொடைக்காம விட்டு, பொட்டப்புள்ளய வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்காக” என்று என்னிடம் சொன்னார். சொன்னது என்னிடம்தான், கேட்கவேண்டியது அடுத்த வீட்டுக்கு என்று குரலே காட்டியது. செல்வி வாசலில் குனிந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அந்தச் சொல்லைத் தெருவே அவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நான் போகும்போதெல்லாம் செல்வி தன் பையனை மாப்பிள்ளை கணக்காகத் தயார்செய்து வைத்திருப்பாள். குளிப்பாட்டி, பவுடர் அப்பி, கன்னத்தில் பொட்டு வைத்து, மூக்கை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருப்பாள். என் குச்சியில் சளி வருகிறதோ இல்லையோ, பவுடர் வரும். ஒருநாள் ஜீப் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எம்மகன் மூக்குல ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா, அத எங்க மதினி முன்னால வச்சுச் சத்தமாச் சொல்வீகளா?”

ஜாங்கிரி

பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது மறுபடியும் எல்லார் மூக்கிலும் எடுத்தோம். தேவாரத்துப் பிளேட்டுகளைத் திறந்தேன். முதல் பிளேட்டு காலி. இரண்டாவது காலி. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே காலி! பச்சை என்று ஒரு புள்ளி கிடையாது. ஆத்தாடி, கிருமியை ஊசி அடியோடு துரத்திவிட்டது, உலகத்துக்கே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று லேபுக்குள் ஒரு ஆட்டம் ஆடினேன். முத்தையா அண்ணனை அனுப்பி ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னேன். அவரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தார்.

டாக்டரம்மாவும் ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கடித்தபடி பிளேட்டுகளைப் பார்வையிட்டார். மேலே எழுதியிருந்த எண்களைப் பார்த்ததும் மெல்லுவது நின்றது. ஊசி போட்ட பிள்ளைகளும் காலி, இன்னும் போடாத பிள்ளைகளும் காலி. ராஜாத்தி மகன் உட்பட. ஆடின ஆட்டத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

“போடாத பிள்ளைக்கும் எப்படிம்மா காலியாகும்? முதல்ல அந்த ஜாங்கிரிய மூடி வை.”

நீங்க ஒருத்திதான்

தப்பு எங்கே? கிடாய் ரத்தம் கெட்டுப்போச்சா, மெழுகுவத்தி சதி செய்ததா, குச்சிகளைக் கொண்டுவருகிற ஐஸ் பெட்டியில் கிருமி விறைத்துச் செத்ததா? டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். அதே பெட்டி, அதே பிளேட்டு, அதே நான். ஊர் மட்டும் வேறு. மேகமலை எஸ்டேட் பிள்ளைகளும் ஆய்வில் இருந்தார்கள். அவர்களுக்கு எடுக்கவேண்டிய முறையும் வந்திருந்தது.

சின்னமனூரிலிருந்து மேலே ஏறுகிற அந்த ரோட்டை ரோடு என்று சொன்னவர் எதிரே வந்தால் விடமாட்டேன். முத்தையா அண்ணன் ஓட்டினார், நான் வாந்தி எடுத்தேன், ஐஸ் பெட்டி மட்டும் மகாராணி மாதிரி என் மடியில் வந்தது. தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தாய்மார்கள் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். பவுடர் போட யாருக்கு நேரம்? ஒரே அறையில் அண்ணன், அக்கா, கைக்குழந்தை எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். எல்லார் மூக்கும் குளிரில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள், வாய்விட்டே சொல்லிவிட்டேன்: “அடடா, என்ன அழகா ஒழுகுது!” கூடையைக்கூட இறக்காமல் நின்றிருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எம்பிள்ளைக்கு மூக்கொழுகுறதப் பாத்துச் சந்தோசப்பட்ட ஆளு, இந்த மலையிலேயே நீங்க ஒருத்திதான்க்கா.”

டியூசன்

மேகமலைப் பிளேட்டுகள் மறுநாள் பச்சைப்பசேலென்று இருந்தன. ஊசி போட்ட பிள்ளை, போடாத பிள்ளை என்றில்லாமல் ஏதோ ஒரு வகை பெரும்பாலானவர்களிடம் வளர்ந்திருந்தது. ஆக, கிடாய் நிரபராதி, மெழுகுவத்தி நிரபராதி. கோளாறு தேவாரத்தில். டாக்டரம்மா, நான், முத்தையா அண்ணன் மூன்று பேரும் கிளம்பினோம்.

போய் இறங்கியதும் முத்தையா அண்ணன் தலைவலி மாத்திரை வாங்க ஒரு மருந்துக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஜீப்பைப் பார்த்த கடைக்காரர் முகம் மலர்ந்து, “அடுத்த மூக்கு டெஸ்ட்டு எப்பங்க? முன்கூட்டியே சொன்னீகன்னா மருந்து எடுத்து வச்சிருவேன்” என்றார். எந்த மருந்து என்றேன். சளிக்காய்ச்சலுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற ஆன்ட்டிபயாட்டிக் சிரப்பை எடுத்துக் காட்டினார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. நாங்கள் வருகிற நாளுக்கு முன்னால் அந்தத் தெருத் தாய்மார்கள் அத்தனை பேரும் அதை வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டியிருக்கிறார்கள்! மூக்கில் இருக்கிற கிருமி அதில் செத்துவிடும். சில வாரம் போனால் புதிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் நான் போய்க் காலி மூக்கில் எடுத்துவந்து ஜாங்கிரி தின்றிருக்கிறேன். ஆரம்பித்து வைத்தது செல்வி. அவள் வாங்குவதைப் பார்த்து ராஜாத்தி, ராஜாத்தியைப் பார்த்துத் தெரு. டாக்டர் சீட்டு இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா எரிந்து விழுந்தார். கடைக்காரர் நெளிந்தார்.

“பரீச்சைக்கு முன்னாடி டியூசன் வைக்கிற மாதிரின்னு நெனச்சுக் குடுத்துட்டேன் டாக்டரம்மா.”

எடுத்துக்கங்க

பால்வாடியில் கூட்டம் போட்டோம். இது பரீட்சை இல்லை, பெயிலாகிற பிள்ளை யாரும் கிடையாது, சுகமாயிருக்கிற பிள்ளைக்கு அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது, கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுப்போம் என்று டாக்டரம்மா தொண்டை வற்றச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். செல்வி மட்டும் வரவே இல்லை. வீட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. நான் வாசலிலேயே நின்று கூப்பிட்டேன்.

“போங்கக்கா” என்றாள் உள்ளேயிருந்து. “மருந்து குடுக்காம எடுத்தா கிருமி வந்துரும். வந்துட்டா மதினி சொன்னது உண்மையாயிரும். நாந்தான் எம்புள்ளயக் கொன்னேன்னு ஆயிரும்.” கிருமி வராது என்று அவளுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, அது பொய். அதனால் உண்மையையே சொன்னேன். “எம்மகனுக்கு மூணு வயசு. இந்தக் குச்சி விட்டுப் பழகுறப்ப அவன் மூக்குலதான் மொத மொத எடுத்தேன். பச்சையா வளந்துச்சு செல்வி. நான் ரெண்டு வேளையும் குளிப்பாட்டுறவ. என்னையும் அந்தச் சொல்லு சொல்வாகளா?” திரும்பி வந்துவிட்டேன்.

மறுபடி எடுக்கிற நாள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், ராஜாத்தி மகன் முதல் ஆளாக. எல்லாம் முடிந்து பெட்டியை மூடப்போகிற நேரத்தில் செல்வி வந்து நின்றாள். பையனுக்குப் பவுடர் இல்லை, பொட்டு இல்லை. மேலுதடு வரைக்கும் ஒழுகி நின்றது.

“மருந்தும் குடுக்கல, தொடைக்கவும் இல்ல. எடுத்துக்கங்க.”

கம்பம் பஸ்

மறுநாள் செல்வி மகனின் பிளேட்டைத்தான் முதலில் எடுத்தேன். பச்சை. இத்தனை நாளும் எந்தப் பச்சைக்குக் குதித்தேனோ, அந்தப் பச்சையை அன்றைக்குச் சட்டென்று மூடி வைத்தேன். ஆனால் வேலை பாதிதானே முடிந்திருக்கிறது? எந்த வகை என்று பார்க்கவேண்டும். அதற்கு வகைக்கு ஒரு சொட்டு மருந்து உண்டு. கிருமியோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சரியான சொட்டாக இருந்தால் கிருமியின் மேல்தோல் உப்பியது போலத் தெரியும். ஊசி எதிர்க்கிற ஏழு வகைக்கும் ஒவ்வொரு சொட்டாகப் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றிலும் உப்பவில்லை! ஸ்டூலிலிருந்து எகிறிக் குதித்ததில் முழங்கால் மேசையில் இடித்தது, வலிக்கவே இல்லை. ராஜாத்தி மகன் பிளேட்டும் பச்சைதான். மூன்றாவது சொட்டிலேயே பொம்மென்று உப்பிவிட்டது.

மற்ற ஊர்களையும் சேர்த்துப் பார்த்தபோது கதை விளங்கியது. ஊசி போட்ட பிள்ளைகளிடம் அந்த ஏழு வகைகள் அரிதாகிவிட்டன. ஆனால் மூக்கு காலியாகவில்லை. ஊசியில் சேராத வேறு வகைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. டாக்டரம்மா கண்கள் பளபளக்க, இதைத்தான் பார்க்கவேண்டும் என்று இத்தனை பாடுபட்டோம், புதிதாக வந்தவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றார். பாதி புரிந்த முத்தையா அண்ணன் மீதியைத் தானே முடித்தார்.

“ஆள எறக்கிட்டீக, ஆனா சீட்டு காலியில்ல, அடுத்த ஆளு உக்காந்துட்டான். கம்பம் பஸ்ஸுன்னு ஒரே வார்த்தையில சொல்லவேண்டியதுதான?”

நீயும் கூட வா

மறுபடியும் தேவாரம் பால்வாடி. டாக்டரம்மா பேர் சொல்லாமல் பொதுவாகத்தான் பேசினார். இந்தக் கிருமி பெரும்பாலான பிள்ளைகள் மூக்கில் இருக்கிறது, கொஞ்சினால் வரும், இருமினால் வரும், அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் படுத்தால் வரும், மூக்கில் இருப்பதே வியாதி இல்லை என்றார். ராஜாத்திக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். “எம்மகனுக்கு இருக்காதுல்ல டாக்டரம்மா?” தனியாக வாருங்கள், சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. “ஒளிக்க என்ன இருக்கு? இங்கனயே சொல்லுங்க.” இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ராஜாத்தி விடவில்லை. “அப்ப செல்வி மகனுக்கு?” டாக்டரம்மா செல்வியைப் பார்த்தார். “சொல்லுங்க, சத்தமாவே சொல்லுங்க” என்றாள் செல்வி. “அவனுக்கும் இருக்கு. ஆனா ஊசி தடுக்கிற அந்த ஏழு வகையில ஒண்ணு இல்ல. உங்க மகனுக்கு இருக்கிறது அந்த ஏழுல ஒண்ணு. பயப்படாதீங்க, பையன் நல்லாத்தான் இருக்கான். ஒரு வயசு முடிஞ்சதும் ஊசி போட்டுரலாம்.”

ராஜாத்தி உட்கார்ந்துவிட்டார். இனி செல்வி திருப்பிக் கொடுப்பாள், கேட்டு ஆனந்தப்படலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் ராஜாத்தியைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டாள்: “மூத்தவ, நான் மூக்கத் தொடைக்காம விட்டதால போகலையா டாக்டரம்மா?” “எந்த வகை அவளுக்கு வந்ததுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா துடைச்சு விரட்டுற கிருமி இல்ல இது. உம்மேல தப்பே கிடையாது.” செல்வி வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. அவளிடம் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் ராஜாத்தி. மகனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“ஏத்தா செல்வி, இவனுக்கு ஊசி போடுற அன்னைக்கு நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்கு.”

பிள்ளையின் மூக்கிலிருக்கிற கிருமியை இடம்பெயர்க்க ஒரு ஊசி மருந்து போதும், நாத்தனார் நாக்கிலிருக்கிற ஒரு சொல்லை இடம்பெயர்க்கத்தான் கிடாய் வளர்த்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு ஆய்வே நடத்தவேண்டியிருந்தது.